காத்திருப்போர் பட்டியல்

ஏஜாக்ஸில், ஹார்வூட் அவென்யூத் திருப்பத்தில் உள்ள
பிள்ளைகள் காப்பகத்துக்கு ஒரு படிவம் நிரப்பினோம்.
வயிறு தெரிய முந்தியே பெயரைக் கொடுத்துவிடு,
வரிசை இரண்டு வருடம் என்று
வேலையிடத்து நத்தலி சொல்லியிருந்தாள்.
பனிக்கு முந்தி டயர் மாற்றுவதுபோல
அதையும் செய்து வைத்தோம்.

பிள்ளையின் பெயர்: இன்னும் இல்லை.
பிறந்த தேதி, அல்லது எதிர்பார்க்கும் தேதி:
கிருஷாந்தன் பேனாவைக் கடித்தான்.
"சித்திரை ஒண்டெண்டு போடுவம், மறக்காது."
வரப்போகும் சித்திரை.
ஐம்பது டொலர். திருப்பித் தரப்படமாட்டாது.

அந்தச் சித்திரை வந்தது.
மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கைவிசேஷம் கொடுத்தோம்.
மண்டபத்தில், மீன் ரோலுக்கு நின்ற வரிசையில்,
ஒரு மாமி என் சேலை மடிப்பைப் பார்த்து
"வேறை விசேஷம் ஒண்டுமில்லையோ?" என்றா.
"வீடு வாங்கினாப் பிறகு" என்றான் இவன்.
வீடு நாங்கள் வாங்கி இரண்டு வருடம்.

பிறகு, வட்டி இறங்கட்டும் என்றோம்.
பிறகு, அவன் வேலை நிரந்தரமாகட்டும்.
பிறகு, ஒரு கோடை முழுக்க
காட்டுத்தீப் புகை யன்னலை மஞ்சளாக்கியபோது
இதற்குள்ளேயா ஒரு பிள்ளை என்றோம்.
சொன்னதெல்லாம் உண்மை.
ஒன்றுகூடக் காரணம் இல்லை.

நானூற்றியொன்றில் ஒருத்தன் குறுக்கே வெட்டியபோது
கிருஷாந்தனின் வாயிலிருந்து
அவனுடைய அப்பாவின் குரல் வந்தது.
அந்தச் சொல், அந்த இழுவை, அப்படியே.
வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு
இறங்காமல் இருந்தான்.
"கையும் அவற்றை கைதான்" என்றான், விரித்துப் பார்த்து.
நான் பின்சீட்டிலிருந்த மரக்கறிப் பைகளை எடுத்தேன்.
வேறு என்ன எடுப்பது?

என்னுடையதையும் சொல்லத்தான் வேண்டும்.
பகல் முழுக்கப் பிறர் பிள்ளைகளின் பல் துப்பரவாக்குகிறேன்;
கடிக்கும், அழும், உமிழும்.
வீடு வந்து கதவைச் சாத்தினால்
அந்த அமைதியைச் சோறுபோல உண்பேன்.
ஆனாலும் தங்கச்சியின் மகன் பால் கக்கிய சால்வையை
ஒரு கிழமை தோய்க்காமல் வைத்திருந்தேன்.
இது என் ஆசையா,
என் பேரில் யாரோ வாங்கி வைத்த ஆசையா?
நள்ளிரவில் கிளறிப் பார்த்தால்
இரண்டுக்கும் ஒரே மணம்.

ஆவணியில், செவ்வாய்க்கிழமை,
ஒரு கையுறை கழற்றி ஒன்று கழற்றாத நேரம்
தொலைபேசி.
"உங்கள் பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்கிறது.
இப்போது பதினாறு மாதம், இல்லையா?"
ஓம் என்றேன்.
"நடக்கத் தொடங்கியாச்சா?"
"சோபாவைப் பிடித்துப் பிடித்து" என்றேன்.
எங்கிருந்து வந்தது அந்தச் சோபா!
வெள்ளிக்குள் முடிவு சொல்லச் சொன்னார்கள்.

இரவு இவனிடம் சொன்னேன்.
சிரித்தான், புட்டு புரைக்கேறுமளவுக்கு.
தண்ணீர் குடித்தான். பிறகு மெல்ல,
"கச்சான் ஒத்துக்கொள்ளுமோ எண்டு கேக்கேல்லையோ?
அதைத்தானே முதல் கேப்பினம்."
கோப்பையைக் கழுவும்போது
தண்ணீரைக் கூடுதலாகத் திறந்துவிட்டான்.
புதனும் வியாழனும்
அதைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.
சோபாவின் கூர்மூலையை மட்டும்
இரண்டு பேரும் வெவ்வேறு நேரத்தில் பார்த்தோம்.

வெள்ளி, மதிய இடைவேளையில் அழைத்தேன்.
இடம் வேண்டாம், அடுத்தவர்களுக்குக் கொடுங்கள்.
அந்தப் பெண் காரணம் கேட்டாள்,
பட்டியலில் ஒன்றைத் தெரியவேண்டுமாம்:
வீடு மாறியாச்சா, வேறு காப்பகம் கிடைத்ததா,
வீட்டில் யாரும் பார்க்கிறார்களா, வேறா?
"வேறு" என்றேன்.
விசைப்பலகைச் சத்தம்.
"அப்ப, பதிவை அழிக்கட்டுமா?"

அந்தத் தேதியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று
சொல்ல வாய் வந்தது.
அவள் பொறுத்திருந்தாள், நல்ல பெண்.
"பிறகு எடுக்கிறேன்" என்று வைத்துவிட்டுக்
கையுறையைப் போட்டுக்கொண்டேன்.
நாற்காலியில் ஆறு வயசுப் பெட்டை,
முன்பல் இரண்டும் இல்லை.
ஆ காட்டு என்றேன்.
காட்டினாள்.